ஹோம்ஸ்கூலிங்: எங்கே தொடங்குவது, யாரைத் தேடுவது?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கலாமா என்று யோசிக்கும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "எந்தப் பாடத்திட்டம் நல்லது?" நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மூன்று வாரம் இணையத்தில் துழாவினேன். ஒரு அலமாரி நிறையப் புத்தகம் வாங்கினேன். அதில் பாதியை இன்றுவரை பிரித்துப் பார்க்கவில்லை.

இப்போது யாராவது கேட்டால், பாடத்திட்டம் நாலாவது வேலை என்று சொல்கிறேன். முதலில் நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். அப்புறம் பிள்ளையைக் கொஞ்ச நாள் சும்மா விடுங்கள். அதற்குள் இதே வழியில் போகிற இன்னொரு குடும்பத்தைத் தேடிப் பிடியுங்கள். உண்மையில் இந்த மூன்றாவதைத்தான் தலைக்கு மேல் வைக்க எனக்கு ஆசை. ஆனால் சட்டம் தெரியாமல் பள்ளியிலிருந்து பிள்ளையின் பெயரை நீக்கிவிட்டு, பிறகு அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் வரிசையை மாற்றவில்லை.

முதலில் சொல்லுக்குப் பொருள். ஹோம்ஸ்கூலிங், அதாவது வீட்டுக்கல்வி என்பது பிள்ளையின் படிப்புக்கான முழுப் பொறுப்பையும் பெற்றோரே எடுத்துக்கொள்வது. பாடம் வீட்டுக்குள்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. பெற்றோரேதான் சொல்லித்தர வேண்டும் என்பதும் இல்லை. கணக்குக்கு ஓர் ஆசிரியரை வைத்துக்கொள்ளலாம், நீச்சலுக்குப் பயிற்சியாளரிடம் அனுப்பலாம், அறிவியலை வேறொரு பிள்ளையின் அப்பாவிடம் விட்டுவிடலாம். எதை, எப்போது, யாரிடம் என்று முடிவெடுப்பது மட்டும் நீங்கள்.

"2020இல் நாங்களும் ஹோம்ஸ்கூலிங் பண்ணினோம், போதும்டா சாமி" என்று நண்பர்கள் சொல்வதுண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் நடந்தது ஹோம்ஸ்கூலிங் இல்லை. பாடமும் நேரமும் தேர்வும் பள்ளியினுடையவை; நாற்காலி மட்டும் உங்களுடையது. முழுநேர இணையப் பள்ளியும் ஏறக்குறைய இதே ரகம்தான். அமெரிக்காவின் பல மாநிலங்களில், அரசு நடத்தும் இணையப் பள்ளியில் படிக்கும் பிள்ளை சட்டப்படியும் பள்ளி மாணவர்தான்.

இன்றைய வடிவத்தில் இந்த வழிக்கு ஒரு முகம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆசிரியர். பள்ளிகளைத் திருத்திவிடலாம் என்று பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் பார்த்தார். நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. 1977இல் பாஸ்டனிலிருந்து பெற்றோருக்காக ஒரு சிறு இதழைத் தொடங்கினார். பாடத்திட்டம் இல்லாமல் பிள்ளையின் ஆர்வப்படி கற்கவிடும் 'அன்ஸ்கூலிங்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். அந்த இதழில் கட்டுரைகளைவிட எனக்குப் பிடித்தது, இந்த வழியில் போகிற குடும்பங்களின் பெயர்ப் பட்டியல். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து ஒரு கடிதம் போட்டுவிடலாம். அதே 1977இல் இங்கிலாந்திலும் ஒருசில பெற்றோர் சேர்ந்து 'எஜுகேஷன் அதர்வைஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஆண்டில் பெற்றோர் செய்தது ஆள் தேடும் வேலை!

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எவ்வளவு மாறும் என்பதற்குச் சில உதாரணங்கள்.

இங்கிலாந்தின் 1996 கல்விச் சட்டத்தில் 7ஆவது பிரிவு, பிள்ளையின் வயதுக்கும் திறனுக்கும் ஏற்ற முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்கிறது. அதைப் பள்ளிக்கு ஒழுங்காக அனுப்பியும் செய்யலாம், 'அல்லது வேறு வகையிலும்' செய்யலாம். அந்த 'அல்லது வேறு வகையில்' என்ற சிறு வாலில்தான் அந்த நாட்டின் ஹோம்ஸ்கூலிங் முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த வால் முந்தைய 1944 கல்விச் சட்டத்திலேயே இருந்தது; 'எஜுகேஷன் அதர்வைஸ்' அமைப்பின் பெயரும் அதிலிருந்து எடுத்ததே.

ஜெர்மனி இதற்கு நேர் எதிர். அங்கே பள்ளிக்குப் போவதே கட்டாயம்; கல்வி கொடுத்தால் மட்டும் போதாது. அதை எதிர்த்து ஒரு குடும்பம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனது. 2006இல் அந்த நீதிமன்றம் மனுவை ஏற்க மறுத்துவிட்டது. ஸ்வீடனில் 2011 முதல் நடைமுறையில் உள்ள பள்ளிச் சட்டப்படி, மிகத் தனிப்பட்ட சூழ்நிலை இருந்தால் மட்டுமே அனுமதி. பிரான்சில் முன்பு ஓர் அறிவிப்புக் கடிதம் கொடுத்தால் போதும்; 2022 கல்வியாண்டு முதல் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நியூசிலாந்தில் கல்வி அமைச்சகத்திடம் விலக்குச் சான்றிதழ் பெற வேண்டும். பதிவுபெற்ற பள்ளியில் எவ்வளவு ஒழுங்காகவும் நன்றாகவும் கற்பிப்பார்களோ, அவ்வளவு ஒழுங்காகவும் நன்றாகவும் நீங்களும் கற்பிப்பீர்கள் என்று காட்ட வேண்டும். அனுமதி கிடைத்தால் அரசு ஒரு சிறு உதவித்தொகையும் தருகிறது.

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிப் படிப்பு கட்டாயம். விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் விலக்குப் பெற்ற பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதியே ஆக வேண்டும். எழுதினால் மட்டும் போதாது. அந்த ஆண்டு தேர்வெழுதியவர்களைக் கீழிருந்து மேலாக வரிசைப்படுத்தினால், கீழே உள்ள மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி நிற்கும் அளவுக்காவது மதிப்பெண் வேண்டும். அமெரிக்காவில் 1993க்குள் 50 மாநிலங்களிலும் இது சட்டப்படி செல்லுபடியாகிவிட்டது. ஆனால் டெக்சாஸில் அரசிடம் பதிவுகூடத் தேவையில்லை. நியூயார்க்கில் ஆண்டுத் திட்டம், காலாண்டு அறிக்கை, ஆண்டு மதிப்பீடு என்று அடுக்கடுக்காகக் காகிதம் போக வேண்டும்.

இந்தியாவில் 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கானது. அதன் 10ஆவது பிரிவு பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் தண்டனை என்று எதையும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஹோம்ஸ்கூலிங் குடும்பங்கள் இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. தேர்வுக்கு அவர்களில் பலரும் போவது, தினமும் வகுப்புக்குப் போகாமலே தேர்வெழுத வழி தரும் அரசு வாரியமான தேசிய திறந்தநிலைப் பள்ளிக்கு. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்பு நிலைக்கும், 15 நிறைந்தால் பன்னிரண்டாம் வகுப்பு நிலைக்கும் பதிவு செய்யலாம். ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும், ஒவ்வொரு பாடமாகவும் எழுதித் தேறலாம். எல்லாப் பாடத்தையும் ஒரே மாதத்தில் எழுதி முடிக்கும் தலைவலி இல்லை என்பதே பலருக்குப் பெரிய நிம்மதி.

உங்கள் இடத்துச் சட்டத்தை நீங்களே, அரசின் பக்கத்திலேயே படியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொன்னது மூன்று வருடத்துக்கு முந்தைய விதியாக இருக்கலாம். பிரான்ஸ்காரர்களைக் கேட்டால் தெரியும். பள்ளியிலிருந்து பெயரை எடுக்கும்போது எழுத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள், மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் அறிக்கைகளையும் கையோடு வாங்கிவிடுங்கள். பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சியோ சிறப்புக் கல்வி உதவியோ பள்ளி வழியாகக் கிடைத்துக்கொண்டிருந்தால், வெளியே வந்த பிறகும் அது தொடருமா என்று முதலிலேயே கேளுங்கள். இதை விட்டுவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் உண்டு.

கொஞ்ச நாள் சும்மா

என் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திய முதல் வாரம். நான் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். அறை வாசலில் வந்து நின்று, கையை உயர்த்தி, "போயிட்டு வரட்டுமா?" என்றான். எங்கே என்று எனக்குப் புரியவில்லை. கழிப்பறைக்கு! தன் சொந்த வீட்டில், எட்டு வயதுப் பிள்ளை.

இந்தப் பழக்கம் கழன்று விழ எடுக்கும் காலத்தைத்தான் ஹோம்ஸ்கூலிங் வட்டத்தில் 'டீஸ்கூலிங்' என்கிறார்கள். பள்ளியில் இருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதம் என்று ஒரு கணக்கு அங்கே சொல்வார்கள். யாரும் அளந்து பார்த்துச் சொன்ன கணக்கில்லை, அனுபவக் கணக்கு. நாலு ஆண்டு பள்ளிக்குப் போன பிள்ளைக்கு நாலு மாதம். கேட்கும்போதே வயிற்றைக் கலக்கும். எனக்கும் கலக்கியது. கிழமை நாளில் காலை பதினோரு மணிக்குப் பிள்ளை தரையில் படுத்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், பெற்றவருக்குத்தான் கை நடுங்கும். அதனால் இந்தக் காலம் பிள்ளைக்கு மட்டும் இல்லை. பெரியவர்களுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

சும்மா என்றால் கைபேசியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவதில்லை. சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். அவன் பழைய கடிகாரத்தைப் பிரித்தால் திருகுகளைப் போட ஒரு கிண்ணம் கொடுங்கள். கொஞ்ச நாளில் "போர் அடிக்குது" என்று வந்து நிற்பான். அதைக் கேட்டதும் பயப்படாதீர்கள். நான் காத்திருந்த வாக்கியமே அதுதான். சட்டப்படி முதல் நாளிலிருந்தே கணக்குக் காட்ட வேண்டிய இடத்தில் இருக்கிறீர்களா? அப்போதும் முடியும். வாசித்த புத்தகம், போன இடம், பிரித்த கடிகாரம், எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

எப்படிக் கற்பிப்பது?

வழிமுறைகளுக்குப் பஞ்சமில்லை. பொருள்களைக் கையாண்டு பிள்ளை தானே கற்கும் மாண்டிசோரி முறை, கதைக்கும் கலைக்கும் கைவேலைக்கும் இடம் தரும் வால்டார்ஃப் முறை, இலக்கணம்-தர்க்கம்-பேச்சுக்கலை என்ற மூன்று படிகளில் போகும் 'கிளாசிக்கல்' முறை, ஒரே கருப்பொருளைச் சுற்றி எல்லாப் பாடத்தையும் கோக்கும் முறை, பாடத்திட்டமே இல்லாமல் பிள்ளையின் ஆர்வத்தின் பின்னால் போகும் அன்ஸ்கூலிங். எதிலும் சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெரும்பாலான குடும்பங்கள் இரண்டாவது ஆண்டிலேயே கலந்துகட்டி ஒன்றைத் தாமாகச் செய்துகொள்கின்றன.

எங்கள் வீட்டில் நிலைத்து நின்றது ஒன்று. இங்கிலாந்தின் சார்லட் மேசன் (1842–1923) என்ற கல்வியாளர் வலியுறுத்திய 'திருப்பிச் சொல்லுதல்'. ஒரு பத்தியை ஒரே ஒரு முறை வாசித்துக் காட்டுவது. பிறகு பிள்ளை தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். நடுவில் கேள்வி கேட்கக் கூடாது, திருத்தக் கூடாது. கேட்பதற்கு ஒன்றுமில்லாத விஷயம் போல இருக்கும். ஒரு நாள் எறும்புகளைப் பற்றி வாசித்தேன். தலை, மார்பு, வயிறு என்று உடல் பகுதிகளைச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் சொன்னது: "ராணி எறும்பு பறந்துபோய் இடம் பார்த்துட்டு, அப்புறம் தன்னோட இறக்கையைத் தானே கழட்டிப் போட்டுடும். இனிமே அதுக்குத் தேவையில்லை." அவ்வளவுதான். "கால் எத்தனை?" என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டேன். மறுநாள் அவனே ஒரு இறக்கையை ஜன்னல் விளிம்பிலிருந்து எடுத்து வந்தான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். கால்களும் அன்றைக்குத்தான் எண்ணப்பட்டன.

மேசன் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்றார். அதுவும் சரியாகத்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு, உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஏமாற்று வேலையில்லை. பள்ளி நாளில் வருகைப் பதிவு, வரிசை, அமைதிப்படுத்தல், நாற்பது பேர் முடிக்கும்வரை காத்திருப்பு எல்லாம் உண்டு. ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்தால் அவையெல்லாம் கழிந்துவிடும்.

கணக்கில் ஒரு சின்ன உதாரணம். நீளமான காகிதக் கீற்று ஒன்றைக் கொடுத்து மடிக்கச் சொல்லுங்கள். ஒரு மடிப்பு: அரை. இன்னொன்று: கால். இன்னும் ஒன்று: அரைக்கால். அதையும் மடித்தால் மாகாணி, பதினாறில் ஒன்று. மடிக்க மடிக்க நம் மொழியே பெயர் எடுத்துக்கொடுத்துக்கொண்டு வரும். இப்போது மூன்றில் ஒன்றை மடிக்கச் சொல்லுங்கள். பாதி பாதியாக எத்தனை முறை மடித்தாலும் அது வராது. என் மகன் இருபது நிமிடம் போராடிவிட்டு, "இது வேற சாதிப் பின்னம்பா" என்றான். பாடப்புத்தகத்தில் அந்த இடத்துக்கு வர எத்தனை பக்கம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று. கணக்கையும் வாசிப்பையும் மட்டும் "தானாக வரும்" என்று விட்டுவிடாதீர்கள். வாசிப்பு சிலருக்கு ஐந்து வயதில் வரும், சிலருக்கு எட்டில் வரும்; அது உண்மை. எட்டு வயதிலும் எழுத்துகளோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று தகுந்தவரிடம் காட்டிவிடுவதும் உங்கள் பொறுப்பில் சேர்ந்தது. "நேரம் வரும்போது படிப்பான்" என்ற வசனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

பொருளுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். கான் அகாடமி இணையதளத்தில் கணக்கும் அறிவியலும் இலவசம். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ச் சிறார் கதைகள் படநூல்களாகவே கிடைக்கின்றன, அச்சிட்டும் கொள்ளலாம். கணினியில் நிரல் எழுத ஸ்கிராட்ச். அரவிந்த் குப்தாவின் தளத்தில் தூக்கிப்போடும் பொருள்களிலிருந்து அறிவியல் பொம்மை செய்யும் வழிகள். அலமாரி நிறைய வாங்கியவன் சொல்கிறேன், முதல் ஆறு மாதத்துக்கு நூலக அட்டை போதும்.

வீட்டுக்குள் இருக்கும் எதிர்க்கட்சி

உள்ளூர் ஆதரவு என்றதும் எல்லோரும் வெளியே பார்க்கிறார்கள். முதல் ஆதரவு வாழ்க்கைத்துணை. ஒருவருக்கு மட்டும் நம்பிக்கை, இன்னொருவர் "உன் இஷ்டம்" என்று தோளைக் குலுக்கிவிட்டார் என்றால் ஆரம்பிக்காதீர்கள். முதல் நெருக்கடியில் அந்த "உன் இஷ்டம்" "நான் அப்பவே சொன்னேன்" ஆகிவிடும். ஓர் ஆண்டு பார்ப்போம், பிறகு உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். நிரந்தரத் தீர்மானமாக வைத்தால் சண்டையும் நிரந்தரமாகிவிடும்.

அடுத்து தாத்தா பாட்டி. "படிப்பை நிறுத்திட்டீங்களாமே?" என்று தொலைபேசியில் ஒரு குரல் வரும். அதோடு வாதம் செய்து யாரும் வென்றதில்லை. வேலை கொடுத்துப் பாருங்கள். என் மாமனாரிடம், "மாமா, வாரத்துக்கு ஒருநாள் அவனுக்கு நீங்க கணக்கு வழக்கு எழுதச் சொல்லித்தாங்களேன்" என்று கேட்டேன். வரவு, செலவு, இருப்பு என்று கோடு போட்டுத் தொடங்கியவர், இரண்டாவது மாதத்தில் என்னிடமே குறை சொன்னார்: "பையன் கூட்டல்ல அவசரப்படுறான், நீ கவனிக்கிறதில்லை." எதிர்க்கட்சி ஆசிரியர் குழுவில் சேர்ந்துவிட்டது.

பிள்ளையே பள்ளிக்குப் போக வேண்டும் என்று கேட்டால்? அனுப்புங்கள். வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்றால் அதுவும் இன்னொரு பள்ளிதான். திரும்பிப் போகும் கதவைத் திறந்து வைப்பதற்காகவே பதிவேடு வேண்டும். ஒரு தேதிக் குறிப்பேடு, வாசித்த புத்தகங்களின் பட்டியல், மாதத்துக்கு மூன்று நாலு வேலை மாதிரிகள். போதும். பிள்ளையின் மோசமான கையெழுத்தையும் வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட அதுதான் உதவும்.

மற்ற குடும்பங்களை எங்கே தேடுவது?

"பழகத் தெரியாமல் போய்விடுவானே?" ஹோம்ஸ்கூலிங் என்றதும் வரும் முதல் கேள்வி இது. எரிச்சலூட்டும் கேள்விதான், ஆனால் வெற்றுக் கேள்வியில்லை. பள்ளியில் நட்பு தானாக அமையும். இங்கே அது ஒரு வேலை, யாராவது செய்ய வேண்டும். பிள்ளைக்கு மட்டுமில்லை. மூன்றாவது மாதத்தில் ஒரு மத்தியானம், எல்லாம் தவறு என்று தோன்றும் ஒரு நேரம் வரும். அப்போது "எங்க வீட்லயும் இப்படித்தான்" என்று சொல்ல இன்னொரு குரல் வேண்டும்.

தேட எளிய இடம் பொது நூலகம். கிழமை நாளில், பள்ளி நேரத்தில் போங்கள். அந்த நேரத்தில் சிறுவர் பகுதியில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தால் கிட்டத்தட்ட உறுதி. கவனிக்கும் நூலகரிடம் கேட்டாலே, "செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா ரெண்டு பசங்களோட வருவாங்க" என்று சொல்லிவிடுவார். பூங்கா, அருங்காட்சியகம், காலை நேர நீச்சல் வகுப்பு, இவற்றுக்கும் இதே தர்க்கம்: பள்ளி நேரத்தில் காலியாக இருக்க வேண்டிய இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இசை ஆசிரியர்களுக்கும் விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கும் பகல் நேரத்தில் வரும் மாணவர்கள் யார் என்று தெரியும். தனித்தேர்வர்களை அனுமதிக்கும் தேர்வு மையங்களுக்கும் தெரியும். நாட்டளவிலான ஹோம்ஸ்கூலிங் சங்கம் இருந்தால், அவர்களிடம் உங்கள் பகுதியில் தொடர்பாளர் யார் என்று கேளுங்கள். ஃபேஸ்புக், வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்கள் தேடலுக்கு உதவும். ஆனால் திரையிலேயே நின்றுவிட்டால் பிள்ளைக்கு அதில் ஒரு பயனும் இல்லை.

கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். நான் முதல் ஆளைப் பிடித்தது ஊஞ்சலுக்குப் பக்கத்தில்.

"உங்க பொண்ணுக்கு இன்னிக்கு லீவாங்க?"

"இல்லைங்க. நாங்க..." என்று இழுத்தார். அந்த இழுப்பு எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் இழுப்பேன்.

"ஹோம்ஸ்கூலிங்கா?"

"ஆமாங்க! நீங்களுமா?"

குழுக்கள் ஒரே மாதிரி இருக்காது. வெறுமனே கூடி விளையாடும் குழு ஒன்று. 'கோ-ஆப்' என்பது வேறு: பெற்றோர் முறைவைத்துக்கொண்டு ஆளுக்கொரு பாடம் எடுப்பார்கள், நீங்களும் எடுத்தாக வேண்டும். சில இடங்களில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாம். பெரும்பாலும் பெற்றோர் கூடவே இருக்க வேண்டும். சில குழுக்கள் மத நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டவை. அமெரிக்காவில் சில கோ-ஆப்கள் நம்பிக்கை அறிக்கையில் கையெழுத்தே கேட்கும். சேர்வதற்கு முன் ஒருமுறை சும்மா போய்ப் பாருங்கள். பெற்றோர் பேச்சு முழுக்கப் பள்ளிகளைத் திட்டுவதாகவே இருந்தால் நான் இரண்டாம் முறை போக மாட்டேன். பிள்ளைகளோடு தனியாக யார் இருப்பார்கள், அதற்கு என்ன விதி என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் குழு வேண்டாம்.

தேடியும் யாரும் இல்லையென்றால் நீங்களே தொடங்க வேண்டியதுதான். இரண்டு குடும்பம் போதும். ஊஞ்சல் பக்கத்தில் பிடித்த அந்த அம்மாவும் நானும் எழுதி நூலகப் பலகையில் ஒட்டியது இது: "பள்ளிக்குப் போகாமல் வீட்டில் படிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் சந்திக்கிறோம். ஒவ்வொரு வியாழனும் காலை 10 முதல் 12 வரை. பூங்காவில் பெரிய மரத்தடி. எந்த வயதும் சரி. பெற்றோர் கூடவே இருக்க வேண்டும். கட்டணம் இல்லை." நாளையும் இடத்தையும் மாற்றவே கூடாது என்று முடிவு செய்துகொண்டோம். ஒரே ஒரு குடும்பம் வந்தாலும் அன்றைக்குக் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. வாராவாரம் குழுவில் "இந்த வாரம் யார் யார்?" என்று கேட்டு, ஆளில்லை என்று தள்ளிவைத்த குழுக்கள் நாலாவது வாரத்தில் கரைந்துபோனதைப் பின்னால் கேள்விப்பட்டேன்.

முதல் வியாழன் நாங்கள் இரண்டு குடும்பம். பிள்ளைகள் முக்கால் மணி நேரம் ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை. கடைசியில் ஒரு குச்சிக்காகச் சண்டை வந்தது, அப்புறம் பேச்சு வந்தது. இரண்டாவது வியாழன் அவர்களுக்குக் காய்ச்சல். நானும் மகனும் மட்டும் போய் மரத்தடியில் உட்கார்ந்து, திருப்பிச் சொல்லுதல் செய்துவிட்டுத் திரும்பினோம். மூன்றாவது வியாழன் பத்தேகாலுக்கு, இரண்டு சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் வேகவேகமாக வந்தார். பலகையில் பார்த்தாராம். பெயர் சொல்லவில்லை, வணக்கம் சொல்லவில்லை. "இங்க டாய்லெட் எங்கங்க இருக்கு?" என்றார்.

இப்போது அந்த அறிவிப்பின் கடைசி வரியில் அதையும் சேர்த்திருக்கிறோம்.